சரளி வரிசையும் சமுதாயமும்

இசை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரங்கிலிருந்தே தொடங்குவர். மேடையில் அமர்ந்தவர் யார், அவருடைய குரு யார், எந்த மன்னர் அவருக்குச் சால்வை போர்த்தினார், எத்தனை கீர்த்தனைகள் இயற்றினார் என்பனவே அவ்வரலாறுகளில் முதலிடம் பெறுகின்றன. பாடம் நடந்த திண்ணையைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் இசையை யாருக்கு உரியதெனக் கருதிற்று என்பதை அறிய விரும்புவோர் மேடையைக் காட்டிலும் திண்ணையையே கூர்ந்து நோக்குதல் வேண்டும். இராகத்துக்குச் சாதியில்லை என்று எவரும் எளிதிற் கூறிவிடலாம். குருவின் முன் அமர்ந்து முதன்முதலாகச் சட்சத்தைப் பிடித்த பிள்ளை யாருடைய பிள்ளை, அது எவ்வாறு அங்கே வந்து சேர்ந்தது என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாக வருவதில்லை.

அண்மையில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற ஓர் இசையரங்குக்கு நாம் சென்றிருந்தோம். பாடியவர் இளைஞர், நல்ல பாடாந்தரம், சுருதி சுத்தம். கச்சேரியின் பிற்பகுதியில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையொன்றை மாஞ்சி இராகத்தில் எடுத்துக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய அந்த நாடகக் கீர்த்தனைகளின் நாயகன் ஒரு பண்ணையாள் என்பதை வாசகர் அறிவர். தீண்டத்தகாதவனெனத் தள்ளப்பட்ட அம்மனிதன் தில்லையின் எல்லையில் நின்று உள்ளே வரலாமோ என்று கேட்கின்ற இடம் அது. சபை உருகிற்று. எமக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் சால்வை நுனியாற் கண்களை ஒற்றிக்கொண்டார். 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உயிரும் உடலுமுள்ள மனிதர்கள் அதே கேள்வியைக் கேட்டபோது யாழ்ப்பாணத்துச் சைவ உலகின் ஒரு பகுதி உருகவில்லை, வழிமறித்து நின்றது. பாட்டில் வரும் நந்தனுக்குக் கிடைக்கும் இரக்கம் தெருவில் வரும் நந்தனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற எண்ணத்துடனேயே நாம் அக்கீர்த்தனையின் எஞ்சிய பகுதியைக் கேட்டோம். அப்போது, எவ்விதத் தொடர்புமின்றி வந்ததுபோல, நாம் பிள்ளைப் பருவத்தில் இருந்த இசைவகுப்பு நினைவுக்கு வந்தது. தொடர்பு இருந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று.

நாம் இசை பயின்றது 1990களின் நடுப்பகுதியில், வலிகாமத்துக் கிராமம் ஒன்றில். போர்க்காலம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலினுள்ளே சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு எரித்த 'சிக்கன விளக்கு' ஒன்றைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள் அமர்ந்திருப்போம். பற்றறி தடைசெய்யப்பட்ட பொருளாகையால் மின்னியற் சுருதிப்பெட்டி வைத்திருந்தவர்கள் அதைத் துணியிற் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டனர். ரீச்சரின் பழைய துருத்திச் சுருதிப்பெட்டிதான் பாடிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அது துவிச்சக்கர வண்டியின் பின்னாற் கட்டப்பட்டுத் தென்மராட்சிக்குச் சென்றது. அந்த எட்டுப் பிள்ளைகளும் எழுதுவினைஞர், ஆசிரியர், கடை முதலாளி ஆகியோரின் பிள்ளைகள். வேலிக்கு அப்பாற் புகையிலைத் தோட்டம். அங்கே மாலையிற் பெற்றோருடன் தண்ணீர் மாறுகின்ற சிறுமி ஒருத்தி எமது சரளி வரிசைகளையும் சண்டை வரிசைகளையும், எம்மிற் சிலரினும் பிழையின்றி, மூன்றாங் காலத்திற் பாடிக்கொண்டே வாய்க்கால் வரம்பை வெட்டி விடுவாள். ரீச்சர் அவளை ஒருநாளும் துரத்தியதில்லை. ஒருநாளும் உள்ளே கூப்பிட்டதுமில்லை. எட்டு வயதிற் பிள்ளைகள் இத்தகைய ஒழுங்குகளை இயற்கையின் ஒழுங்குகளாகவே எண்ணிக்கொள்கின்றனர். அவை எவ்வாறு உண்டாயின என்பதைச் சற்று ஆராய்வோம்.

நாம் பயின்ற பாடவரிசையையே முதலிற் கொள்வோம். சரளி, சண்டை, தாட்டு, அலங்காரம், கீதம் என அமைந்த இவ்வொழுங்கையும், அதற்கு மாயாமாளவகௌளை இராகத்தைத் தெரிந்தெடுத்ததையும் பதினாறாம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின் காலத்தில் வாழ்ந்த கன்னட அடியவர் புரந்தரதாசரின் செயலென மரபு கூறும். மலகரி இராகத்துப் பிள்ளாரி கீதங்களும் அவருடையனவே. கற்பித்தல் நோக்கில் இத்தெரிவு மிகச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. மாயாமாளவகௌளையின் முற்பாதியும் பிற்பாதியும் ஒரே இடைவெளிகளைக் கொண்டவை. ஒரு பாதியைப் பிடித்த பிள்ளை மறுபாதியையும் பிடித்துவிடும். ஆனால் 1550இல் இராமாமாத்தியர் எழுதிய சுரமேளகலாநிதி என்னும் நூல் முகாரியையே முதல் மேளமாக வைக்கின்றது. ஆகவே, இன்று நாம் காணும் ஒழுங்கு ஒருவருடைய சிந்தனையில் ஒரே நாளில் உதித்தது என்பதைக் காட்டிலும், பல தலைமுறை ஆசிரியர்கள் பிள்ளைகளின் தொண்டையோடும் பொறுமையோடும் போராடிக் கண்டறிந்தது என்று கொள்வதே பொருந்தும். பெயரறியாத ஆசிரியர்களின் உழைப்பு ஒரு மகானின் பெயரிற் சேர்ந்துவிடுவது எமது நாகரிக வரலாற்றிற் புதிதன்று. இங்கே நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று: புரந்தரதாசரும் அவர் சார்ந்த அரிதாசர்களும் வடமொழியை விடுத்து மக்கள் வழங்கிய கன்னடத்திற் பாடியவர்கள், தெருவில் நடந்து பாடியவர்கள். தெருவுக்கென அமைந்த பாடம் பின்னர் எவ்வாறு வீட்டினுள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டது?

நிலமானிய அமைப்பின் கீழ் இசை இரண்டு இடங்களிற் சோறு பெற்றது: அரண்மனை, கோயில். தஞ்சையை ஆண்ட நாயக்கரும் பின்னர் மராத்தியரும் வித்துவான்களுக்கு நிலமும் நெல்லும் அளித்தனர். அவ்வமைப்பில் வித்தை என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. தந்தையிடமிருந்து மகனுக்கு, குருவிடமிருந்து சீடனுக்குச் செல்வது. குருகுலத்தைப் பற்றி இப்போது உருக்கமாக எழுதுவோர் பலர். விடியற்காலை எழுந்து குருவின் வீட்டுக்குத் தண்ணீர் மொண்டு, துணி துவைத்து, இரவில் அவர் காலைப் பிடித்துவிட்டு, அவர் மனம் வைத்த பொழுதில் ஒரு சங்கதி பெற்றுக்கொண்ட சிறுவனின் உழைப்புக்குக் கணக்கில்லை. நன்மையும் இருந்தது. குருவின் வீட்டிலேயே வாழ்ந்த பிள்ளைக்கு இசை ஒரு நாளில் அரைமணி நேரப் பாடமாக இல்லாமல் மூச்சுப்போல இருந்தது. அந்தக் கால அளவை இன்றைய எந்தப் பாடசாலையும் தரமுடியாது. ஆனால் அந்த வீட்டுக்குள் நுழைவதற்கே பெரும்பாலும் பிறப்பு ஒரு சீட்டாக வேண்டியிருந்தது. விதிவிலக்குகள் இல்லாமலில்லை. தியாகராசரின் முதன்மைச் சீடருள் ஒருவரான வாலாசாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் சௌராட்டிர சமூகத்தவர். நெசவையே தொழிலாகக் கொண்ட சமூகம் அது. தியாகராசரின் கீர்த்தனைகளுள் ஏராளமானவற்றை ஏட்டில் எழுதிக் காத்தவர்கள் அவரும் அவர் வழியினருமே. நெசவாளர் குலத்திற் பிறந்த ஒருவர் உள்ளே விடப்பட்டிராவிடின் இன்றைய கச்சேரி எவ்வளவு வறுமைப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். விடப்படாதவர்களால் எவ்வளவு வறுமைப்பட்டிருக்கின்றது என்பதற்குத்தான் அளவுகோல் இல்லை.

கோயிலைச் சார்ந்த இசைக்குடும்பத்துப் பிள்ளையின் பாடம் வேறுவகையானது. நாதசுவரக் குடும்பத்துச் சிறுவனுக்கு முதலிற் கையிற் கொடுக்கப்படுவது குழல் அன்று, தாளம். இரவு முழுவதும் சுவாமி வீதிவலம் வருகையில், நித்திரை தூங்கியும் தூங்காமலும், தந்தைக்கும் மாமனுக்கும் பக்கத்தில் நின்று அவன் தாளம் போடவேண்டும். பின்னர் ஒத்து ஊதவேண்டும். தவில் பயில்பவன் தோலைத் தொடுமுன் மரக்கட்டையிற் கோல்கொண்டு மாதக்கணக்கில் தட்டவேண்டும். அவன் இராகங்களைத் தெரிந்துகொண்டது புத்தகத்தாலன்று. பூசைக்கும் பொழுதுக்கும் உரிய இராகத்தை உரிய இடத்தில் ஆயிரம் முறை கேட்டதனால். இன்று அரங்குகளில் நாம் வியக்கும் விரிவான இராக ஆலாபனை முறை நாதசுவரக்காரரின் தெருவிலேயே வளர்ந்தது என்பதை வாய்ப்பாட்டுக்காரரே ஒப்புக்கொள்வர். ஆனால் அந்த வித்தையை வளர்த்தவர் கோயில் வெளிவீதியில் நின்றே வாசிக்கவேண்டும். பிரபுவின் திருமணப்பந்தலில் நிலத்தில் அமரவேண்டும். தோளிற் சால்வை போடக்கூடாது. திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை (1898 – 1956) மேடையில் ஏறி அமர்ந்தே வாசிப்பேன் என்று நின்றபோது அது அவருடைய செருக்கெனப் பேசப்பட்டது. உண்மையில் அது ஒரு வர்க்கத்தின் உரிமைக்குரல்.

அக்குடும்பங்களின் பெண்களுடைய கதை இன்னுங் கொடியது. சதிரும் பதமும் சாவளியும் அவர்களுடைய பயிற்சியினாலேயே உயிர் வாழ்ந்தன. பெண்பிள்ளைக்கு முறையான இசைப்பாடம் ஐந்து, ஆறு வயதிலேயே தொடங்கிய ஒரே சமூகம் அவர்களுடையது. அதே வேளையில் அந்தப் பாடத்தின் மறுபுறத்திற் பொட்டுக்கட்டும் வழக்கமும் பணக்காரரின் ஆதிக்கமும் இருந்தன. எமது நாட்டில் ஆறுமுகநாவலர் (1822 – 1879) கோயில்களிற் கணிகையர் ஆடலைக் கண்டித்ததன் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. 1947இற் சென்னை மாகாணத்திற் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்த சட்டமும் அவசியமானதே. ஆனால் வழக்கத்தை ஒழித்தவர்கள் கலையை அப்பெண்களிடமிருந்து பிரித்தெடுத்து வேறு வீட்டுப் பெண்களிடம் கொடுத்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1920களில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவாலயம் எழுப்பினார். அவ்விடத்து ஆராதனையிற் பெண்கள் பாட இடமில்லை என்றனர். அதற்கும் அவரே போராட நேர்ந்தது. மறுபுறத்தில், டி.கே. பட்டம்மாள் போன்றோர் பொதுமேடையிற் பாட வந்தபோது பிராமண வீட்டுப் பெண் சபையிற் பாடுவதா என்ற எதிர்ப்பை வெல்லவேண்டியிருந்தது. இவ்விரு போராட்டங்களும் ஒரே காலத்தவை. முன்னவர் குலத்துப் பேத்திகள் பாட்டை மறைத்து வாழவும், பின்னவர் குலத்துப் பேத்திகள் பாட்டைச் சீதனத்தோடு சேர்த்துக் கொண்டு செல்லவும் நேர்ந்தது.

இம்மாற்றத்துக்கு அடிப்படையான காரணம் பொருளாதாரம். 1855இல் தஞ்சை மன்னர் ஆண்வாரிசின்றி இறந்தபின் கும்பினியார் அவ்வரசை இணைத்துக்கொண்டனர். அரண்மனைச் சோறு நின்றது. வித்துவான்கள் எட்டயபுரம் முதலிய சமீன்களுக்கும் மைசூர், திருவாங்கூர் அரசுகளுக்கும் சென்றனர். பெரும்பாலோர் சென்னையை நாடினர். அங்கே அவர்களைக் காத்திருந்தது மன்னர் அல்லர். ஆங்கிலம் படித்து உத்தியோகமும் வக்கீல் தொழிலும் பார்த்த மத்தியதர வர்க்கம். அவ்வர்க்கம் சபாக்களை அமைத்தது; நுழைவுச்சீட்டு விற்றது; கச்சேரியை மூன்று மணி நேரத்துக்குள் அடக்கியது. 1927இற் சென்னையில் நடந்த காங்கிரஸ் மகாநாட்டையொட்டிய இசை மகாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அக்கடமி தோன்றிற்று. அதனுடன் இன்னொரு தேவையும் எழுந்தது. உத்தியோகத்தரின் பிள்ளை குருகுலத்தில் தண்ணீர் சுமக்கமாட்டாது. அதற்கு வீட்டுக்கு வந்து கற்பிக்கும் வாத்தியாரும் அச்சுப் புத்தகமும் வேண்டும்.

அச்சு எந்திரம் இசைக்குச் செய்த தொண்டு எளிதானதன்று. செவிவழிச் செல்வத்தை எழுத்தில் அடைக்க முடியுமா என்ற ஐயம் வித்துவான்களிடம் பலமாயிருந்தது. தொழில் இரகசியம் வெளியாகிவிடும் என்ற அச்சமும் அதனுள்ளே இருந்தது. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்தில் அச்சேறியதற்கு, சின்னசாமி முதலியார் என்ற தமிழ்க் கிறித்தவரின் இடைவிடாத தூண்டுதல் ஒரு முக்கிய காரணம். அவர் 1893 அளவிலேயே கீர்த்தனைகளை ஐரோப்பியச் சுரக்குறியில் எழுதி வெளியிட முற்பட்டவர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் வைத்தியத் தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு இசை மகாநாடுகளைக் கூட்டி, 1917இற் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். இவர்கள் இருவரும் இசைக்குடும்பங்களுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என்பது தற்செயலன்று. வித்தை பூட்டியிருந்த வீட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கே அதனை எழுத்தில் வைக்கவேண்டிய தேவை இருந்தது.

இவ்விடத்தில் ஐரோப்பாவையும் ஒருகணம் நோக்குவது பயன்தரும். அங்கே இசைக்கல்லூரிக்கு வழங்கும் 'கொன்சர்வற்றரி' என்ற பெயரின் மூலம் இத்தாலிய மொழியில் அநாதைப் பிள்ளைகளைப் பேணும் இல்லம் என்பதாகும். பதினாறாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்திற் கைவிடப்பட்ட சிறுவர்களுக்கெனத் தோன்றிய இல்லங்கள், கோயில்களுக்குப் பாடகரை அனுப்பிப் பொருளீட்டும் பொருட்டு இசை கற்பித்து, காலப்போக்கில் இசைக்கல்லூரிகளாயின. வெனிஸ் நகரத்துப் பியெற்றா இல்லத்தில் 1703இல் வயலின் ஆசிரியராகச் சேர்ந்த விவால்டி, அங்கிருந்த கைவிடப்பட்ட பெண்பிள்ளைகள் வாசிப்பதற்கென்றே பல ஆக்கங்களை எழுதினார். பிரபுக்கள் அப்பிள்ளைகளின் இசையைக் கேட்கத் திரண்டனர். பிள்ளைகளோ கம்பித்தட்டிக்குப் பின்னால் மறைந்திருந்து பாடினர். பின்னர் பிரெஞ்சுப் புரட்சி அரசு 1795இற் பாரிசு நகரத்தில் அரசாங்கச் செலவில் இசைக்கல்லூரியை நிறுவியபோதுதான், இசை கற்பது தருமமுமன்று, குலத்தொழிலுமன்று, குடிமக்களின் கல்வி என்ற கொள்கை ஓர் அரசினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெயரளவில் ஏற்கப்பட்டது முழுவதும் நடந்தேறியதா என்பது வேறு. ஏற்கப்பட்டது என்பதே பெரிது.

தமிழகத்தில் இக்கேள்வி மொழியின் வடிவில் எழுந்தது. பொருள் விளங்காத பாட்டுக்களையே வித்துவான்கள் திரும்பத் திரும்பப் பாடுவதைப் பாரதியார் தமது 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையிற் கண்டித்தார். அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி நிறுவியதும், 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கூடிய தமிழிசை மகாநாடும், 1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கமும் அக்குரலின் தொடர்ச்சி. அவ்வியக்கத்தை எதிர்த்தவர்கள் இசைக்கு மொழியில்லை என்றனர். தமக்கு விளங்கும் மொழியிலே பாடம் பெற்றவர்களுக்கு அப்படிச் சொல்வது எளிது. எமது நாட்டவரான விபுலானந்த அடிகள் அண்ணாமலையில் முதல் தமிழ்ப் பேராசிரியராயிருந்தவர். பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழர் யாழ்களையும் பண்களையும் கணிதத்தின் துணையோடு ஆராய்ந்த அவருடைய 'யாழ்நூல்' 1947 சூனில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அவர் மறைந்தார். காரைதீவிற் பிறந்த ஒருவர் அந்நூலை எழுதினார் என்று பெருமைப்படுகின்ற நாம், அதனை ஒரு பாடசாலைப் பிள்ளை வாசித்து விளங்கும் வண்ணம் எளிமைப்படுத்தி எழுத இன்றுவரை போதிய முயற்சி செய்தோமில்லை.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். சேர். பொன். இராமநாதன் 1913இல் நிறுவிய பெண்கள் கல்லூரி முதலிய நிறுவனங்களின் வழியே இசை, நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளைக்கு உரிய கல்வியின் ஓர் அங்கமாக மதிக்கப்படலாயிற்று. 1931இல் வட இலங்கைச் சங்கீத சபை தோன்றி, தரம் தரமாகப் பரீட்சைகளை நடத்தத் தொடங்கியது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரி நிறுவப்பட்டது. தமிழகத்து வித்துவான் மகாராசபுரம் சந்தானம் அதன் அதிபராயிருந்து சில ஆண்டுகள் கற்பித்தார். 1975இல் அது யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. இவற்றின் பயன்களைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. பரீட்சை என்ற ஒன்று வந்தபின் வித்தைக்கு வெளிப்படையான படிமுறை உண்டாயிற்று. குருவின் மனநிலையை நம்பி இருக்கவேண்டிய அவசியம் குறைந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் இசையாசிரியைகளாகித் தம் சொந்தக் காலில் நின்றனர். எமது ரீச்சரும் அவர்களுள் ஒருவர். போரிற் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளை அந்தச் சுருதிப்பெட்டியாலேயே வளர்த்தவர்.

ஆயின், பிறப்பு என்ற பூட்டைப் பரீட்சை திறந்தபோது அவ்விடத்திற் கட்டணம் என்ற பூட்டு விழுந்தது. பழைய பூட்டும் முற்றாகக் கழன்றுவிடவில்லை. 1930ஆம் ஆண்டையொட்டி உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, வாங்கில் ஒடுக்கப்பட்ட பிள்ளை அமர்வதைப் பொறாதவர்கள் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். எழுத்துப் படிக்க அமர்ந்த பிள்ளைக்கே இக்கதியென்றால், அதே காலத்தில் வீட்டு விறாந்தையிற் பாய் விரித்து நடந்த இசைவகுப்பில் அப்பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்குமா? 1945இல் இலவசக் கல்வி வந்தது. கணிதமும் விஞ்ஞானமும் ஏழைப் பிள்ளையின் வாங்குக்கு வந்தன. இசை பெரும்பாலும் விறாந்தையிலேயே தங்கிவிட்டது. 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயிலையும் கடையையும் பாடசாலையையும் பற்றிப் பேசலாம். தனியார் வீட்டு விறாந்தையை எந்தச் சட்டமும் எட்டுவதில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. யாழ்ப்பாணத்து இசை உலகெங்கும் அறியப்பட்டது அந்த விறாந்தைகளினால் அன்று. தவில்மேதை வி. தட்சணாமூர்த்தி (1933 – 1975) போன்றோரின் கைகளினால். தமிழகத்துப் பெரும் நாதசுவர வித்துவான்கள் தமக்குத் தவில் வாசிக்க அவரை விரும்பி அழைத்தனர். அளவெட்டி, இணுவில் முதலிய ஊர்களின் தவில், நாதசுவரக் குடும்பங்களிற் பிள்ளை பெற்ற பயிற்சி எந்தத் தரப் பரீட்சையையும் விடக் கடினமானது. ஆனால் அப்பிள்ளை பாடசாலைக்கு வந்தபோது "மேளகாரற்றை பெடியன்" என்றே சுட்டப்பட்டான். அவன் சகபாடியின் அக்கா இசையில் ஆசிரியர் தரம் சித்தியெய்தினால் ஊர் வாழ்த்திற்று. அவன் தந்தை அவ்வக்காவின் கலியாணத்துக்கு வாசிக்க வந்தபோது வேறாகச் சோறு போட்டது. ஒரே ஏழு சுரங்கள்தாம்.

கச்சேரி மரபுக்கு வெளியே வேறொரு இசைப்பாடமும் எம்மிடையே நெடுங்காலமாக நடந்து வருகின்றது. மட்டக்களப்பிலும் வன்னியிலும் மன்னாரிலும் அண்ணாவியார் கூத்துப் பழக்கும் களரியே அது. அங்கே மாணவர் கமக்காரர், மீனவர், கூலிவேலை செய்வோர். பகலில் வயலில் நின்றவர் இரவிற் களரிக்கு வருவார். சட்டம் கொடுத்த நாள்முதல் அரங்கேற்றம்வரை மாதக்கணக்கிற் பழக்கம் நடக்கும். எழுத்தறியாதவர் நூற்றுக்கணக்கான விருத்தங்களையும் தருக்களையும் நெட்டுருச் செய்வர். மத்தளத்தின் தாளக்கட்டு ஒவ்வொருவர் காலிலும் ஏறும். கட்டணம் இல்லை, அண்ணாவியாருக்கு ஊர் கூடி வேட்டி சால்வையும் சன்மானமும் கொடுக்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) முதலியவற்றை மேடையேற்றியபோது படித்தவர்கள் வியந்தனர். வியப்பதற்கு ஒன்றுமில்லை. களரி எப்போதும் அங்கேயே இருந்தது. அதனை இசைக்கல்வி என்று அழைக்க எமக்குத்தான் மனம் வரவில்லை. களரிக்குள்ளும் சாதி இருந்தது, பெண்ணுக்கு இடமிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஊரை இலட்சியப்படுத்தி எழுதுவதில் எமக்கு உடன்பாடில்லை.

நாம் கற்பிக்கும் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் என்னும் அழகியற் பாடங்களுள் ஒன்றைத் தெரியவேண்டும். இவ்வாண்டு சங்கீதத்துக்கு ஐம்பத்தொரு பிள்ளைகள் பெயர் கொடுத்தனர். இசையறையில் இடம் முப்பத்தைந்து பேருக்கு. வழக்கம்போல, ஏற்கெனவே தனிவகுப்புக்குச் சென்று முதலாந் தரம் சித்தியெய்தியவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். எஞ்சியோர் சித்திரத்துக்கு அனுப்பப்பட்டனர். இவ்வொழுங்கில் எவரும் தீங்கு நினைக்கவில்லை, இசையாசிரியை நல்லவர், பெறுபேறு காட்டவேண்டிய கட்டாயம் அவருக்கு. ஆசிரியர் கூட்டத்தில் நாம் இதனைக் கிளப்பியபோது, ஒன்றும் அறியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாதாரண தரப் பரீட்சைக்கு எப்படித் தயார்செய்வது என்று அவர் கேட்டார். ஒன்றும் அறியாத பிள்ளைக்கு அறிவிப்பதற்காகவே அந்தச் சரளி வரிசை அமைக்கப்பட்டது என்று நாம் கூறினோம். விவாதம் நெடுநேரம் நடந்தது. முடிவில், சித்திரத்துக்கு அனுப்பப்பட்ட பதினாறு பேருக்கும் வெள்ளிக்கிழமைகளிற் பாடசாலை விட்டபின் ஒருமணி நேரம் கற்பிக்க அவர் இசைந்தார். பிள்ளைகளை மறித்து வைத்திருப்பதும், பேருந்து ஏற்றி விடுவதும், களஞ்சிய அறையிற் கிடக்கும் சுருதிப்பெட்டியின் துருத்திக்கு ஒட்டுப் போடுவிப்பதும் எமது பொறுப்பு. துருத்தி இரண்டிடத்திற் கிழிந்திருக்கின்றது. இணுவிலில் ஒருவர் அதைத் திருத்துவார் என்கிறார்கள்.